வாசகர் கேள்விகள்: எண்கள் படமாகும் இடம்

கேள்வி: தரவுகளைப் படமாக்குவதற்கென்றே பல்கலைக்கழகங்களில் தனி ஆய்வகங்கள் இயங்குவதாகப் படித்தேன். எக்செல் தெரிந்தவர் எவரும் வரைபடம் போட்டுவிடலாமே, இதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: போடுவது எளிது. போட்ட படத்தைப் பார்ப்பவர் சரியான முடிவுக்கு வருகிறாரா என்பதைக் கண்டறிவதுதான் கடினம். ஆய்வகங்களின் வேலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அளவுகளைக் காட்டி, சிறியது பெரியதில் எத்தனை சதவீதம் இருக்கும் என்று பார்வையாலேயே கணிக்கும்படி பலரைக் கேட்டிருந்தார்கள். ஒரே அடிக்கோட்டின் மேல் நிற்கும் பட்டைகளை ஒப்பிட்டபோது பிழை குறைவாகவும், வட்டத்தைத் துண்டுகளாக்கிக் காட்டியபோது கூடுதலாகவும் இருந்தது. அலுவலக அறிக்கைகளில் வட்டப்படம் இன்றும் செல்வாக்கோடு இருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சராசரி போன்ற புள்ளியியல் அளவுகளைக் கணக்கிட்டாலே போதாதா?

பதில்: போதாது. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை முன்வைத்தார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள்; நான்கிலும் சராசரிகள் ஒன்றே, இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ 0.82. வரைந்து பார்த்தாலோ ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கிறது, இன்னொன்று வளைகிறது, மற்ற இரண்டிலும் விலகி நிற்கும் ஒரே புள்ளி கணக்கைத் திரித்துவிடுகிறது.

கேள்வி: இந்த ஆய்வகங்களில் பிறக்கும் கருவிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வருகின்றனவா?

பதில்: நாம் அறியாமலே பலவற்றைப் பயன்படுத்தி வருகிறோம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மனித–கணினி ஊடாட்ட ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்தட்டு அடிக்கடி நிரம்பிவிட, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று ஒரே பார்வையில் காண பென் ஷ்னைடர்மன் வழி தேடினார். கோப்பின் அளவுக்கேற்பப் பரப்புள்ள செவ்வகங்களைக் கோப்புறைக்கான பெரிய செவ்வகத்துக்குள் அடுக்கும் ‘ட்ரீமேப்’ அப்படித்தான் 1990-களின் தொடக்கத்தில் உருவானது; பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பச்சை, சிவப்புக் கட்டங்களாகக் காட்டும் பக்கங்களும் இதே முறையைப் பின்பற்றுபவைதான். பரப்பைத் துல்லியமாக ஒப்பிடுவதில் நம் கண் அவ்வளவு தேர்ந்ததல்ல என்பதால் இது முதல் பதிலுக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் இங்கே யாருக்கும் துல்லியமான விகிதம் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கிடையே பெரியது எது என்று தெரிந்தால் போதும். கேள்வி மாறினால் பொருத்தமான படமும் மாறும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘போலாரிஸ்’ என்ற பெயரில் நடந்த ஆய்வு 2003-இல், தரவுகளைப் படமாக்கும் மென்பொருளைத் தரும் டாப்ளோ நிறுவனமாக உருவெடுத்தது. அதே பல்கலைக்கழகத்தில் மைக் போஸ்டாக், வாடிம் ஒகியெவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட டி3 என்னும் இலவச நிரல் தொகுப்பு, செய்தித்தளங்களின் ஊடாடும் வரைபடங்கள் பலவற்றுக்கு அடித்தளமாயிற்று. அது ஆயத்த வரைபடங்களைத் தருவதில்லை. இணையப் பக்கத்தின் ஒவ்வொரு கூறையும் தரவோடு பிணைக்க வழி தருகிறது, அதனால் கற்றுக்கொள்ளச் சற்றுக் கடினமானது. ஹீர் பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அங்குள்ள குழு உருவாக்கிய வேகா-லைட் என்னும் கருவியில், எந்த மதிப்பு எந்த அச்சில், எது நிறமாக என்று சில வரிகளில் அறிவித்தாலே வரைபடம் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் அதிலிருந்து தொடங்கலாம்.