அம்மாவுக்கு ஃபிட்ஸே இல்லையே, எதுக்கு ஃபிட்ஸ் மாத்திரை?

கேள்வி: அம்மாவுக்கு வயசு 62, 14 வருஷமா சுகர். ராத்திரியானா ரெண்டு பாதமும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுன்னு அழுவாங்க. டாக்டர் ப்ரீகாபலின் 75 காலையும் ராத்திரியும் எழுதிக் குடுத்தார், மூணு மாசம் போட்டாங்க, எரிச்சல் குறைஞ்சுது. நெட்ல பாத்தா வலிப்பு மாத்திரைன்னு இருக்கு, பயந்து நாலு நாளா நிறுத்திட்டோம். இப்ப தூக்கமே இல்ல, வேர்த்துக் கொட்டுது. டவுன் 30 கிலோமீட்டர், ஆன்லைன்ல வேற டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையை மாத்திக்கலாமா?

பதில்: மாத்திரை கதை அப்புறம், முதல்ல அந்த வேர்வை. சுகர் இருக்கறவங்களுக்கு ராத்திரி வேர்த்துக் கொட்டினா உடனே க்ளூக்கோமீட்டர்ல பாருங்க, 70க்குக் கீழ இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. சுகர் சரியா இருந்து, கூடவே நெஞ்சு அழுத்தமோ மூச்சு வாங்கறதோ இருந்தா 108க்கு போன் போடுங்க. ரெண்டும் இல்லைன்னா மாத்திரையை திடீர்னு நிறுத்தினதாலதான் இருக்கும், தூக்கம் போறது, வேர்க்கறது, படபடப்பு, குமட்டல் எல்லாம் அப்படி வரும். ஃபிட்ஸ் இருக்கறவங்க இப்படி நிறுத்தினா ஃபிட்ஸே வந்துடும், அதனாலதான் ஒரு வார டைமாவது எடுத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா டோஸைக் குறைக்கச் சொல்றோம்.

நெட்ல போட்டது பொய் இல்ல, ஆனா பாதிதான். ஃபிட்ஸ்ங்கறது மூளை நரம்புங்க கட்டுப்பாடில்லாம ஒண்ணா சிக்னல் அடிக்கறது. சுகர்ல அடிபட்ட கால் நரம்பும் கிட்டத்தட்ட அதையேதான் பண்ணுது, தீயே இல்லாம தீ தீன்னு கத்துது. அந்த கத்தலை அடக்கற மருந்துங்கறதால ரெண்டுக்கும் உதவுது. இதோட அண்ணன் கேபாபென்டின் அமெரிக்காவுல 1993ல ஃபிட்ஸுக்குதான் வந்துச்சு, அக்கி போனப்புறம் நிக்கற வலிக்கு 2002ல அனுமதி கிடைச்சுது. முகத்துல கரண்ட் அடிக்கற மாதிரி வர்ற வலிக்கு நாங்க எழுதற கார்பமசெபினும் ஃபிட்ஸ் மருந்துதான். டாக்டர் இதை ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா நீங்க பயந்திருக்க மாட்டீங்க, எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு.

விட்ட நாலு நாளைக்கும் சேர்த்து குடுத்துடாதீங்க. எழுதின டாக்டருக்கே போன் பண்ணுங்க, அனேகமா ராத்திரி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கச் சொல்வார். இந்த மருந்து கிட்னி வழியாதான் வெளிய போகும், 14 வருஷ சுகர்னா கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாத்தாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, கூடுதலா இருந்தா டோஸ் குறைக்கணும். தலை சுத்தல், கால் வீக்கம், எடை கூடறது வரலாம், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழாம பாத்துக்கோங்க. தூக்க மாத்திரையோ ட்ரமடால் மாதிரி வலி மாத்திரையோ தனியா போடறாங்கன்னா அதையும் சொல்லிடுங்க, சேர்ந்தா மூச்சு மந்தமாகும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா பி12 வைட்டமின் குறையும், அதுவும் கால் எரிச்சல் குடுக்கும், ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க.

ஆன்லைன் தப்பில்ல. 2020 மார்ச்ல இருந்தே இதுக்கு அரசு வழிமுறை இருக்கு, இ-சஞ்சீவனிங்கற அரசு ஆன்லைன் சேவையில காசில்லாமலே டாக்டர்கிட்ட பேசலாம். டோஸ் ஏத்தறது, குறைக்கறது, ரிப்போர்ட் காட்டறதுக்கெல்லாம் 30 கிலோமீட்டர் போக வேண்டாம். ஆனா சீட்டுல டாக்டரோட பேரும் பதிவு எண்ணும் இருக்கணும், நாலு கேள்விக்கு டிக் பண்ணா ஆள் முகமே காட்டாம சீட்டு அனுப்பற இடத்துல வாங்காதீங்க. அதோட பாதத்துல உணர்ச்சி இருக்கா இல்லையான்னு நைலான் இழையால அழுத்திப் பாக்கறதும், நாடித் துடிப்பு பாக்கறதும் போன் வழியா நடக்காது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல காட்டுங்க. இன்னைக்கே அம்மாவோட உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் லைட் அடிச்சு பாருங்க, கொப்புளமோ புண்ணோ கறுப்போ இருந்தா வலிக்கலைன்னு அவங்க சொன்னாலும் அன்னைக்கே பஸ் ஏத்திடுங்க.