செடிக்குத் தெற்கு யன்னல், மாமிக்கு எந்த யன்னல்?

ரொறன்ரோ, ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அக்கா, போன வருஷம்தான் சொந்த வீடு வாங்கி வந்தோம். நவம்பர் பிறந்தால் வீடே இருண்டு போகிறது. ஐந்து மணிக்கு முன்னமே லைட் போட வேண்டியிருக்கிறது. வீட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக, பச்சையாக வைத்திருக்கலாம் என்று முன் ஹோலில் தெற்கு யன்னலடியில் செடிகள் வைத்தேன். மணிபிளான்ட், பீஸ் லில்லி, ஃபிடில் லீஃப் ஃபிக், ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஃபிக் செத்துவிட்டது. லில்லி மஞ்சளாகிறது. கறிவேப்பிலை இருந்த இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகு மாமி மேலே வந்து எல்லாச் சாடிக்கும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். சொன்னால், 'யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவள் நான்' என்கிறார். சின்னவன் பிறந்த நேரம் ஸ்பொன்சரில் கனடாவுக்குக் கூப்பிட்டோம். முழங்கால் வருத்தத்தால் படி ஏற முடியாது என்பதால் பேஸ்மென்ட்டில் தனி அறை, தனி பாத்ரூம் எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம். ஹோலுக்குப் பக்கத்துச் சின்ன அறை என் ஒஃபிஸ். கிழமையில் ஒரு நாள்தான் அங்கே இருந்து வேலை செய்கிறேன், அதிலும் இரண்டு செடி வைக்க ஆசை. மாமி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சாகாத, பனிக்காலத்திலும் பூக்கிற செடிகள் சொல்லுங்கள்."

தங்கச்சி, தண்ணீரில் நின்றாலும் சாகாத செடி ஒன்றிரண்டு இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அதை வாங்கி வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுவீர்கள்.

பனிக்காலம் தொடங்கினால் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கும். பேஸ்மென்ட்டில் பூஞ்சண மணம் போகவில்லை என்று ஒருவர் எழுதுவார். அப்பா நாள் முழுக்க டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்று இன்னொருவர். மாமா ஹீட்டரைக் கூட்டிக் கூட்டி வைக்கிறார், பில் ஏறுகிறது என்று வேறொருவர். கேட்பது வேறு வேறு விஷயம். நடப்பது ஒன்றுதான்: வயதான ஒருவர் பகல் முழுக்க வெளிச்சமில்லாத இடத்தில் தனியாக இருக்கிறார்.

நீங்கள் எழுதிய இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "படி ஏற முடியாது" என்பது ஒன்று. "நாங்கள் போனபிறகு மேலே வந்து" என்பது மற்றது. படி ஏற முடியாத மனுஷி தினமும் படி ஏறுகிறார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்துத்தான் ஏறுவார். ஏறி வந்து, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சாடி சாடியாக நடக்கிறார். எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த வரையில், அவர் வருவது வெளிச்சத்துக்கு. நீங்கள் ஐந்து மணிக்கு முன்னமே லைட் போட வேண்டியிருக்கிறது என்று எழுதிய அதே வீட்டில், அவர் காலை எட்டு மணிக்கும் லைட் போட்டுக்கொண்டு இருக்கிறார். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். டிசம்பர் 21 அளவில் அது 9 மணி நேரம்கூட முழுதாக இல்லை. அன்றைக்கு மத்தியானச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்குமேல் ஏறாது. ஜூனில் 70 பாகை வரை ஏறும். சூரியன் அப்படித் தாழ நிற்பதால்தான், வெயில் அடிக்கிற நாளில் உங்கள் தெற்கு யன்னலால் வெளிச்சம் சரிவாக உள்ளே நுழைந்து சோஃபா வரைக்கும் வந்து விழுகிறது. பனிக்காலத்தில் வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். பேஸ்மென்ட் யன்னல் நில மட்டத்தில் இருக்கும். நல்ல ஸ்னோ ஒன்று கொட்டினால் அந்தக் கொஞ்சக் கண்ணாடியும் மூடிவிடும்.

செடிக்கு எந்தப் பக்கத்து யன்னல் வேண்டும் என்று தேடி அறிந்து வைத்திருக்கிறீர்கள். மாமிக்கு எந்த யன்னல் என்று யாராவது பார்த்தீர்களா?

இன்னொன்று. அவர் ஏன் நீங்கள் போகும்வரை காத்திருக்கிறார்? மகனுடைய வீட்டு ஹோலில், நீங்கள் எல்லோரும் இருக்கும்போது வந்து இருக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு கூச்சம் ஒரே நாளில் வராது. யாரோ ஒரு நாள் முகம் சுளித்திருப்பீர்கள், ஒரு நாள் "மாமி, கீழே ரெஸ்ட் எடுங்கோ" என்றிருப்பீர்கள். அன்பாகத்தான் சொல்லியிருப்பீர்கள், ஆனால் அவருக்கு அது விளங்கிய விதம் வேறு. சும்மா வந்து யன்னலடியில் இருக்க முடியாதவருக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். தண்ணீர் ஊற்றுவதுதான் அந்த வேலை. அதையும் நீங்கள் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

"செய்து கொடுத்திருக்கிறோம்" என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஸ்பொன்சரில் கூப்பிட்டபோது, அவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வைத்தீர்கள். ஒன்ராறியோவில் அது 20 வருஷத்துக்குச் செல்லும். அந்தப் பேப்பர் இல்லாவிட்டாலும் பெற்றவளைப் பார்ப்பது பிள்ளையின் கடமைதான், என்னைக் கேட்டால் அதில் பேச்சே இல்லை. சின்னவனைத் தூக்கி வளர்க்க ஆள் தேவைப்பட்ட நேரம் மாமி எந்த அறையில் படுத்தார்? பிள்ளை அழுதால் கேட்கிற தூரத்தில்தான் படுத்திருப்பார். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவரைக் கீழே இறக்கினீர்களென்றால், அதற்கு முழங்காலைக் காரணம் சொல்லாதீர்கள். முழங்கால் வருத்தக்காரரை வைக்கவே கூடாத இடம் பேஸ்மென்ட். சாப்பிட ஏற வேண்டும், வாசலுக்கு வர ஏற வேண்டும், பேரனின் முகம் பார்க்க ஏற வேண்டும். இரவில் நெருப்பு ஏதும் பிடித்தால் அவர் எப்படி வெளியே வருவார்?

ஹோலுக்குப் பக்கத்திலேயே, ஒரு படியும் ஏறத் தேவையில்லாமல், ஒரு அறை இருக்கிறது. கிழமையில் ஆறு நாள் அது சும்மா கிடக்கிறது. அதில் செடி வைக்க ஆசை என்கிறீர்கள். அந்த அறையை மாமிக்குக் கொடுங்கள். உங்கள் மேசை பேஸ்மென்ட்டுக்குப் போகட்டும். கிழமைக்கு ஒரு நாள் நீங்கள் கீழே இருந்து வேலை செய்தால் ஒன்றும் ஆகிவிடாது. பாத்ரூம் கீழேதானே இருக்கிறது என்பீர்கள். குளிக்க மட்டும் ஒரு தரம் இறங்கி ஏறட்டும், அல்லது மேலே ஒரு வசதி செய்யுங்கள். கீழே செய்ய முடிந்தது மேலே முடியாமல் போகாது.

சரி, செடிக்கு வருகிறேன்.

மாமி சொன்னது பொய்யில்லை. நீர்வேலிச் செம்மண்ணில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. கீழே சுண்ணாம்புக்கல், மேலே கொளுத்துகிற வெயில். இறைக்காவிட்டால் வாழை வாடும். பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டுத்தான் அவர் மரம் வளர்த்தார். அந்தக் கைக்கு ரொறன்ரோப் பனிக்காலத்துச் சாடி புதிது. இங்கே வெளிச்சம் குறைவதால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வளராத செடி தண்ணீர் குடிக்காது. ஊற்றியது சாடிக்குள்ளேயே தேங்கி, மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போய், வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை சோர்ந்து மஞ்சளாகும். பார்க்கிறவருக்குத் தாகம் என்றே தோன்றும். இன்னும் ஊற்றுவார். தோட்டம் செய்தவருக்குத்தான் இந்தப் பிழை அதிகம் வரும், ஏனென்றால் அவருக்குத்தான் செடி வாடினால் மனம் கேட்காது.

இதை "சொன்னால்" அவருக்கு விளங்காது, காட்ட வேண்டும். சனிக்கிழமை பழைய பேப்பரை விரித்து, இரண்டு பேரும் இருந்து அந்த மஞ்சள் லில்லியைச் சாடியிலிருந்து கழற்றுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாக, விரலுக்குள் வழுக்கும், மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும், சேற்று மணமும் வரும். அவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். வாழைக்கிழங்கு அழுகியதைப் பார்த்த மனுஷிக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. அழுகியதை வெட்டிவிட்டு, அடியில் ஓட்டையுள்ள சாடியில் புது மண்ணில் எப்படி வைப்பது என்று அவரே சொல்வார். சொல்லவிடுங்கள்.

அப்புறம், "இந்தச் செடி எல்லாம் இனி உங்கட பொறுப்பு மாமி" என்று சொல்லி முழுதாகக் கொடுத்துவிடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குழாய்த் தண்ணீர் இந்த நாட்களில் ஐஸ் மாதிரி வரும். முதல் நாளே பிடித்து வைத்து ஊற்றினால் வேருக்கு நல்லது. மார்ச் வரை பசளை (உரம்) போட வேண்டாம். இலை யன்னல் கண்ணாடியில் முட்டக்கூடாது, ஹீட்டர் காற்றும் நேரே படக்கூடாது.

ஆனால் அவருக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஏதாவது வேண்டும், அதை மறுக்காதீர்கள். யன்னலடியில் ஒரு நீளத் தட்டில் மண் போட்டு வெந்தயம் விதைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், மூன்று கிழமையில் கீரை வெட்டலாம். ஈரம் காயாமல் பார்க்க வேண்டிய பயிர் அது. உள்ளிப் பல்லை ஊன்றினால் தாள் வரும். வெங்காயத்தாளின் அடித்துண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் திரும்ப வளரும். ஜனவரியில் அவர் கையால் வெட்டிய கீரை உங்கள் கறிக்குள் போகட்டும். பிள்ளைகளும் பார்க்கட்டும்.

பூ கேட்டீர்கள். அமரிலிஸ் கிழங்கு வாங்கி வைத்தால் ஆறு முதல் எட்டுக் கிழமையில் பூக்கும். கிறிஸ்மஸ் கக்ரஸ் நீண்ட இரவைப் பார்த்துத்தான் மொட்டு வைக்கும், எனவே அக்டோபர், நவம்பரில் இரவு லைட் எரியாத அறையில் வையுங்கள். வெளிச்சம் குறைந்த மூலைக்கு ஸ்நேக் பிளான்ட் போதும், பனிக்காலத்தில் மூன்று கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் கண்டால் அதற்குக் காணும். ஃபிக்கைத் திரும்ப வாங்காதீர்கள், இடம் மாறினாலே இலை கொட்டுகிற செடி அது. கறிவேப்பிலையை எறிந்துவிட வேண்டாம். குளிருக்கும் வெளிச்சக் குறைவுக்கும் அது இலை உதிர்ப்பது வழக்கம். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரை மிகக் குறைத்து வெளிச்சத்தில் வைத்தால் வசந்தத்தில் துளிர்க்கும்.

மாமியைக் குடும்ப டொக்டரிடம் ஒரு தரம் கூட்டிப் போய் விற்றமின் டி பற்றிக் கேளுங்கள். இங்கத்தைய பனிக்கால வெயிலில் எங்கள் தோலுக்கு அது போதியளவு கிடைப்பதில்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். வெளிச்சம் குறைந்த மாதங்களில் மட்டும் வருகிற ஒரு சோர்வு உண்டு. அதற்குக் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தருகிற விளக்கின் முன்னால் இருக்கச் சொல்வார்கள். நீரிழிவோ கண் வருத்தமோ இருந்தால் டொக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

ஒரு ஞாயிறு அலன் கார்டன்ஸுக்கும் கூட்டிப் போங்கள். 1910இல் திறந்த கண்ணாடி மாளிகை, அனுமதிக்குக் காசு இல்லை. காரில்லாவிட்டால் மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் 506 ஸ்ட்ரீட்கார் எடுத்தால் வாசலடியில் இறங்கலாம். வெளியே ஸ்னோ கொட்டும்போது உள்ளே செவ்வரத்தை பூத்து நிற்கும். மாமியை அவசரப்படுத்தாதீர்கள், அவர் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நின்றுதான் வருவார்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் கணவர் எங்கேயும் பேசவில்லை. அவருடைய அம்மா இது. மாமியாரைக் கவனிப்பது மருமகளின் பொறுப்பு என்று விட்டுவிட்டு மகன் ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன், உங்களைக் கண்டிக்கிற அளவுக்கு அவரையும் கண்டிக்கிறேன். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேசையைக் கீழே இறக்குவதும் கட்டிலை மேலே ஏற்றுவதும் அவருடைய வேலை. அவருக்கு லீவு கிடைக்கிற முதல் நாளே அது நடக்கட்டும்.