ஈதர்நெட் சிப்பின் வேகத்தை நாமே பூட்டலாமா?

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலருடன் ஓர் ஈதர்நெட் டிரான்ஸீவர் சிப்பை இணைத்திருக்கிறேன். அது எப்போதும் 100 மெகாபிட் வேகத்தில், ஃபுல் டூப்ளெக்ஸாக (இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையில்) இயங்க வேண்டும் என்பதற்காக, சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் 0-ஆவது பதிவகத்தில் பதினாறடிமான எண் 2100-ஐ எழுதினேன். இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தியான பிங் சரியாக வருகிறது. பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது. சிப் பழுதா?

பதில்: சிப்பில் பழுதில்லை. நீங்கள் எழுதிய எண்ணில் வேகத்திற்குரிய 13-ஆவது பிட்டும், ஃபுல் டூப்ளெக்ஸுக்குரிய 8-ஆவது பிட்டும் மட்டுமே 1 ஆக உள்ளன. ஆட்டோ நெகோஷியேஷனுக்குரிய, அதாவது இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே முடிவுசெய்யும் பேச்சுவார்த்தைக்குரிய, 12-ஆவது பிட் 0 ஆகிவிட்டதால், சிப் தன் திறன்களை மறுமுனைக்கு அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அறிவிப்பு வராத நிலையில், மறுமுனையிலுள்ள ஸ்விட்ச் கம்பியில் வரும் சிக்னலைக் கொண்டு வேகம் 100 என்று தானே கண்டுகொள்கிறது. ஆனால் அந்தச் சிக்னலிலிருந்து டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால், ஐ.இ.இ.இ. 802.3 தரநிலையின்படி ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பும் முறை) என்றே எடுத்துக்கொள்கிறது.

ஸ்விட்ச் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சிப்பும் அனுப்பும். அது ஃபுல் டூப்ளெக்ஸில் முறையானதே. ஸ்விட்ச்சோ அதை மோதல் என்று கருதி, தான் அனுப்பும் தரவுத் தொகுப்பான சட்டகத்தைப் பாதியில் விட்டுவிடும். அந்த அரைகுறைச் சட்டகங்கள் உங்கள் பக்கத்தில் சி.ஆர்.சி. (சட்டகம் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பிழைகளாகவும், 64 பைட்டுகளைக் கடந்தபின் நேரும் மோதல்கள் ஸ்விட்ச்சில் தாமத மோதல்களாகவும் பதிவாகும். பிங்கில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே அனுப்புவதால் குறை வெளியே தெரிவதில்லை.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் தவறில்லை. பேச்சுவார்த்தையை அணைத்துவிட்டு அதைச் செய்வதுதான் தவறு. 4-ஆவது பதிவகத்தில் பதினாறடிமானத்தில் 0101 என்று எழுதி, 100 ஃபுல் டூப்ளெக்ஸை மட்டும் அறிவியுங்கள். பிறகு 0-ஆவது பதிவகத்தில் 1200 என்று எழுதிப் பேச்சுவார்த்தையைப் புதிதாகத் தொடங்குங்கள். மறுமுனையால் அதை ஏற்க முடியாவிட்டால் இணைப்பே உருவாகாது. நொண்டியடிக்கும் இணைப்பைவிட அது எவ்வளவோ மேல். செம்புக் கம்பியில் கிகாபிட்டுக்கு வரும்போது அணைக்கும் வழியே கிடையாது. எந்த முனையின் கடிகாரம் தலைமை தாங்கும் என்பதும் அந்தப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகிறது.

பேச்சுவார்த்தை முடிந்ததைக் காட்டும் 1-ஆவது பதிவகத்தின் 5-ஆவது பிட் 1 ஆன பின், முடிவான டூப்ளெக்ஸை மைக்ரோகண்ட்ரோலரில் சட்டகங்களை அனுப்பிப் பெறும் மேக் பகுதியிலும் அப்படியே அமைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதே பதிவகத்தில் இணைப்பு நிலையைக் காட்டும் 2-ஆவது பிட், இணைப்பு ஒருமுறை அறுந்தால் அடுத்து படிக்கும்வரை 0 ஆகவே நிற்கும். ஆகவே இரண்டு முறை படித்து, இரண்டாவதை நம்புங்கள்.

கேள்வி: சில நேரங்களில் மின்சாரம் கொடுத்ததும், மைக்ரோகண்ட்ரோலர் அதன் பதிவகங்களைப் படிக்க அழைக்கும் முகவரியில் அல்லாமல், சிப் வேறு முகவரியில் பதில் தருகிறது. ஏன்?

பதில்: பல சிப்கள் முகவரியையும் தொடக்க இயக்க முறையையும் ரீசெட் விலகும் கணத்தில் சில பின்களின் மின்னழுத்தத்தைப் பார்த்து முடிவுசெய்கின்றன, பிறகு அதே பின்களில் தரவு ஓடுகிறது. அந்தக் கணத்தில் மைக்ரோகண்ட்ரோலரின் உள் மின்தடை எதிர்த்திசையில் இழுத்தால் மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவே தொங்கும். தரவுத்தாள் சொல்லும் மதிப்பில் வெளி மின்தடைகளைப் பொருத்துங்கள். மின்வழங்கலும் கடிகாரமும் நிலைபெறும்வரை ரீசெட்டைப் பிடித்து வையுங்கள். ரீசெட் பின்னையும் முகவரிப் பின்னையும் ஆசிலோஸ்கோப்பில் ஒருசேரப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.