எல்.எல்.எம். முடித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?

எல்.எல்.எம். என்பது சட்டத்தில் முதுகலைப் பட்டம். வக்கீலாகப் பதிவு செய்ய எல்.எல்.பி.யே போதும், கோர்ட்டில் எல்.எல்.எம். படித்தவருக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் எம்.டி.யில் ஒரு துறையை எடுப்பது போல, வரி, அரசியலமைப்பு, அறிவுசார் சொத்துரிமை என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போவதற்கான படிப்பு இது.

இது நேராகத் திறக்கும் கதவு ஆசிரியர் வேலைதான், ஏனென்றால் சட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியராக எல்.எல்.எம்.மில் 55 சதவீதமும் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50) அதோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியராவதற்கான தேசிய, மாநில அளவிலான தகுதித் தேர்வுகள்) தேர்ச்சியோ பிஎச்.டி.யோ கேட்கிறார்கள். நெட் தேர்வை ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறார்கள், அதனால் படிக்கும்போதே எழுதிவிடுங்கள்; அதிலேயே ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் வரும். அப்புறம் கம்பெனிகளின் சட்டப் பிரிவு, வங்கிச் சட்ட அதிகாரி வேலைகள் இருக்கின்றன. அங்கே பட்டத்தைவிட அனுபவத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது என் கருத்து.

எல்.எல்.எம். இருந்தால் நேராக நீதிபதி தேர்வு எழுதலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு: 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும்.