பருத்திக் காய்க்குள் சிவப்புப் புழு: எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்

கேள்வி: ஐயா, பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் ஆவணிக் கடைசியில் பி.டி. பருத்தி விதைத்தேன். முதல் எடுப்பு நன்றாக வந்தது. இரண்டாவது எடுப்பில் பாதி கொட்டுப் பருத்தி (புழு தின்று கறைபட்ட கழிவுப் பருத்தி). காயை உடைத்தால் உள்ளே சிவப்புப் புழு. இப்போது தை பாதி. செடிக்கு நாலைந்து பச்சைக்காய் இருக்கிறது. மூன்று மருந்தையும் ஒரு டானிக்கையும் கலந்து அடித்து, ஒரு தண்ணீர் விட்டு யூரியா போட்டால் இன்னொரு எடுப்பு எடுக்கலாம் என்கிறார் மருந்துக் கடைக்காரர். எந்த மருந்து நல்லது? அடுத்த வருடத்துக்கு லேபிள் இல்லாத பாக்கெட் விதை ஒன்றும் தருகிறேன் என்கிறார். கம்பெனிப் பையில் இருப்பதுபோல் இதில் சாதா விதைக் கலப்பு கிடையாதாம், களைக்கொல்லியும் தாங்குமாம். வாங்கலாமா? பருத்திமாரை (எடுப்பு முடிந்த காய்ந்த செடியை) விறகுக்கு அடுக்கி வைக்கலாமா? (எழுதித் தந்தது பிளஸ் டூ உயிரியல் படிக்கும் என் மகள்.)

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். தண்ணீரும் யூரியாவும் அதைவிட வேண்டாம்.

இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி முட்டையைக் காயின் அடியில், புல்லி மடிப்புக்குள் வைக்கிறது. பொரித்த புழு சீக்கிரமே காயைத் துளைத்து உள்ளே போய்விடும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். அதனால்தான் வெளியே பார்க்கும்போது காய் பச்சைப் பசேலென்று இருக்கிறது. உடைத்து, காய்ச் சுவரின் உள்பக்கம் பாருங்கள். சிறுசிறு மரு மாதிரிப் புடைத்திருந்தால் அது புழு நுழைந்த இடம். இரண்டு கொட்டைகள் ஒட்டிக்கொண்டு இருந்தால் பிரித்துப் பாருங்கள், நடுவில் படுத்திருக்கும். அந்த இடத்துக்கு எந்தத் தெளிப்பும் போய்ச் சேராது. மருந்து என்று ஒன்று அடிப்பதாக இருந்தால் அந்து பறக்கும் காலத்தில், முட்டையையும் பொரித்த குஞ்சையும் பார்த்து அடித்திருக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் (பெண் அந்தின் வாசனை காட்டி ஆண் அந்தை இழுக்கும் பொறி) தொடர்ந்து மூன்று இரவு எட்டு அந்து வீதம் விழுந்தாலோ, பறித்த 20 பச்சைக்காயில் இரண்டில் புழு இருந்தாலோ அதுதான் நேரம். உங்கள் வயலில் அது கார்த்திகையிலேயே வந்து போயிருக்கும்.

கடைக்காரரின் மூன்று பாட்டில் கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் நஞ்சேறிச் செத்தார்கள். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது, மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். எந்த மருந்தை எதோடு கலக்கக் கூடாது என்று கடையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஒரு பாட்டில் குறைவாக விற்கும்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பி.டி. விதை என்றால் புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு சேர்த்த விதை. அதைப் போட்டும் ஏன் புழு சாகவில்லை? இதைக் கேட்காமல் மருந்தை மட்டும் கேட்டால் அடுத்த தையிலும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

2002-ல் வந்த முதல் பி.டி. பருத்தியில் நஞ்சு மரபணு ஒன்று. 2006-ல் வந்ததில் இரண்டு. குஜராத்தில் நான்கு மாவட்டங்களில் முதல் வகையை இந்தப் புழு தாங்கிவிட்டதை 2010-ல் மான்சாண்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது வகையும் அதே குஜராத்தில் தோற்றது. பச்சைக் காய்ப்புழுவுக்கு எதிராக பி.டி. இன்னும் ஓரளவு நிற்கிறது. காரணம் எளிது. பச்சைப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும். நஞ்சே தொடாத அந்துகள் பக்கத்து வயலில் எப்போதும் இருக்கும். சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாகப் போக்கிடம் இல்லை. ஊரே பி.டி. போட்டால் அதன் குடும்பம் மொத்தமும் நஞ்சுக்குள்தான் பிறக்கிறது.

இனி கணக்கு, உங்கள் மகளுக்கு. நஞ்சைத் தாங்கும் மரபணு ஒடுங்கு தன்மையுள்ளது, ஆயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளம்மா. ஹார்டி-வெயின்பெர்க் விதியைப் போட்டுப் பார். இரண்டு பிரதியும் உள்ள புழு பத்து லட்சத்தில் ஒன்று. ஒரு பிரதி மட்டும் உள்ளவை ஆயிரத்துக்கு இரண்டு, அவை பி.டி. செடியில் செத்துவிடும். அந்தப் பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்து அந்தாகி, நஞ்சில்லாத சாதா பருத்தியில் வளர்ந்த அந்தோடு சேர்ந்தால் பிள்ளைகள் எல்லாம் ஒற்றைப் பிரதிக்காரர்கள். அவர்களும் சாவார்கள். ஆனால் சாதா பருத்தியே இல்லாத ஊரில், பிழைத்தது பிழைத்ததோடுதான் சேரும். மரபணு வீதம் ஏறி ஏறிப் பாதிக்கு வந்துவிட்டால் இரண்டு பிரதிக்காரர்கள் கால்வாசி. அதற்கு மேல் விதைப் பையில் என்ன அச்சடித்திருந்தால் என்ன?

ஆரம்பத்தில் ஒவ்வொரு 450 கிராம் பி.டி. பாக்கெட்டோடும் 120 கிராம் சாதா விதை தந்தது இதற்காகத்தான். வயலைச் சுற்றி ஐந்து வரிசை போடச் சொன்னார்கள். நம் ஆட்கள் அதை வரப்பில் வீசினார்கள், இல்லையென்றால் கடைக்காரரே உருவி வைத்துக்கொண்டார். யாரும் போடவில்லை என்பதால்தான் பிறகு ஒரே பையில் கலந்தே தர ஆரம்பித்தார்கள். இப்போது அந்தக் கலப்பையே குறையாகச் சொல்லி லேபிள் இல்லாத பாக்கெட்டை விற்கிறார் உங்கள் ஆள். களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு நாட்டில் அனுமதியே இல்லை. முளைக்காவிட்டால் எந்த அலுவலகத்திலும் புகார் எழுத முடியாது. அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு கோளாறு வீரிய ஒட்டிலேயே இருக்கிறது. இதைப் பேசினால் விதை வியாபாரிகளுக்கு என்னைப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வயலில் நிற்பது முதல் தலைமுறை ஒட்டு. செடியில் ஒவ்வொரு நஞ்சு மரபணுவும் ஒற்றைப் பிரதிதான். அந்தச் செடியின் காய்க்குள் இருக்கும் கொட்டைகளோ அடுத்த தலைமுறை. அங்கே மெண்டலின் 9:3:3:1 வந்துவிடும். பதினாறு கொட்டையில் ஒன்றின் பருப்பில் எந்த நஞ்சும் இருக்காது, ஆறு கொட்டையில் இரண்டு நஞ்சில் ஏதாவது ஒன்று மட்டும் இருக்கும். ஒரு காயில் முப்பது கொட்டை என்றால் இரண்டு கொட்டை சாதா கொட்டை. சிவப்புப் புழு தின்பது இலையை அல்ல, அந்தப் பருப்பைத்தான். காய்ச் சுவரில் நஞ்சு உண்டு, உள்ளே போனால் கலவைச் சாப்பாடு. அரைகுறை நஞ்சில் ஒற்றைப் பிரதிப் புழுவும் தப்பிக்க வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் போடுவது ஒட்டு இல்லை, விதையை எடுத்துத் திரும்பப் போட்டாலும் குணம் மாறாத நேர் ரகங்கள். எல்லாக் கொட்டையிலும் நஞ்சு முழுசாக இருக்கும். அரிசோனா விவசாயிகள் பத்து வருடம் சாதா பருத்தியை ஒழுங்காகப் போட்டார்கள், 2006 முதல் மலட்டு அந்துகளைப் பறக்கவிட்டார்கள், 2018-ல் அந்த நாட்டுப் பருத்தியில் இந்தப் புழுவே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

நாம் அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம். இனி ஐந்து வரிசை சாதா செடியால் மட்டும் இதைத் திருப்ப முடியாது. நமக்கு மிச்சம் இருப்பது காலம்தான். புழுவின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு பெண் அந்து நூறு முட்டை வைத்துப் பத்து மட்டும் தேறினாலும் அதில் ஐந்து பெண். மாதத்துக்கு ஐந்து மடங்கு. கார்த்திகையில் ஒன்றாக இருந்தது மாசியில் நூற்றிருபத்தைந்து. கடைக்காரர் சொல்லும் அந்த இன்னொரு எடுப்பு, உங்களுக்குக் கொட்டுப் பருத்தியாகவும் புழுவுக்கு ஐந்து மடங்காகவும் போய்ச் சேரும். அதே நேரத்தில் டெல்டாவில் நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி முளைத்துக்கொண்டிருக்கும். இடைவெளியே இல்லாமல் ஒரு பயிரிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டுக் கொடுக்கிறோம்.

அதனால் வெடித்ததை எடுத்துவிட்டு இந்த மாதமே முடியுங்கள். நல்ல பருத்தியையும் கொட்டுப் பருத்தியையும் தனித்தனிச் சாக்கில் போடுங்கள். கொட்டை வீட்டில் கிடக்கக் கூடாது. பிறகு ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள், மிச்சப் பச்சைக்காயை ஆடு தின்று தீர்த்துவிடும். மருந்து அடித்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். ஆடு போனதும் செடியைப் பிடுங்கிக் கோடை உழவு.

அடுத்த பட்டத்துக்கு என் பேச்சைக் கேட்டால் குறுகிய காலப் பயிர். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 ரகம் ஏறக்குறைய நாலரை மாதத்தில் முடிகிறது, பக்கக் கிளை அதிகம் விடாது, நெருக்கி விதைக்கலாம். பி.டி. இல்லை, அதனால் பச்சைப்புழுவுக்கு நீங்களே கண் வைக்க வேண்டும். ஒட்டுப் பருத்தியை விட மனசில்லை என்றால் நாலரை மாதத்தில் கறாராக நிறுத்துங்கள். பூக்கும் காலத்திலிருந்து ஏக்கருக்கு இரண்டு பொறியாவது வையுங்கள். இதழ் விரியாமல் ரோஜா மொட்டு மாதிரிச் சுருண்டு நிற்கும் பூவைக் கண்டால் கிள்ளி அழியுங்கள். முட்டை ஒட்டுண்ணி அட்டை (அந்தின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் உள்ள அட்டை) கிடைத்தால் கட்டுங்கள். பக்கத்து வயல்காரரையும் ஒரே வாரத்தில் விதைக்கச் சொல்லிப் பாருங்கள். அந்துக்கு உங்கள் வரப்பு தெரியாது.

மார் விஷயம். வைகாசி வரை அடுக்கி வைக்காதீர்கள். பிளந்து நிற்காத காய்களுக்குள் கடைசித் தலைமுறைப் புழு உறங்கிக் கிடக்கும், புது மழைக்கு அந்தாக எழும்பும். விறகுக்கு வேண்டுமானால் காய்களை அடித்து உதிர்த்து எரித்துவிட்டு, குச்சியை மட்டும் எடுத்துப் பங்குனிக்குள் அடுப்புக்குப் போட்டு முடியுங்கள். பொடியாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, மண்ணோடு சேர்த்து உழுதுவிடலாம்.