அமெரிக்க விடுதலைப் போரில் நாடுகடத்தப்பட்ட குவேக்கர்களோடு (போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவினர்) வீட்டார் எப்படித் தொடர்பு வைத்திருந்தார்கள்?

பெரும்பாலும் கடிதம்தான், அதுவும் அந்தப் பக்கம் போகிற யாராவது கிடைத்தால்.

1777 செப்டம்பரில் பிலடெல்பியாவில் சுமார் 20 பேரை அமெரிக்கத் தரப்பினர், விசாரணையே இல்லாமல், வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் குவேக்கர்கள், போரில் சேராததும் விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததும்தான் சந்தேகத்தை வளர்த்தன. அதே மாதம் பிலடெல்பியா பிரிட்டிஷ் படையின் கையில் போய்விட்டது. அதாவது கணவர் ஒரு தரப்பிடம் கைதி, மனைவி குழந்தைகள் எதிர்த்தரப்பின் ஊரில்! கடிதம் இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

எலிசபெத் டிரிங்கர் அப்படி ஒரு மனைவி. அந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டில் ஒரு பிரிட்டிஷ் மேஜர் வேறு தங்கியிருந்தார்.

1778 மார்ச்சில் வின்செஸ்டரில் கைதிகளில் இருவர் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் எலிசபெத்தும் இன்னும் மூன்று பெண்களும் வண்டி கட்டிக்கொண்டு, அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டன் இருந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கே போனார்கள். வாஷிங்டன் விருந்து போட்டார். விடுவிப்பது தன் கையில் இல்லை என்று சொல்லி, பென்சில்வேனியா அரசு அப்போது இருந்த லான்காஸ்டர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு மட்டும் கொடுத்தார். சரி, அங்கே போய்க் காத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் கணவர்களோடுதான் வீடு திரும்பினார்கள்.