கணினி கேள்வி பதில்: ஒரே மாதிரி இரண்டு ‘ஏ’

கேள்வி: தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்குப் பேக்கிங் சாக்கு தருபவர் பெயரில் போன வாரம் ஒரு மெயில், ‘பேங்க் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இதில் போடுங்கள்’ என்று. பழைய மெயிலோடு முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், வித்தியாசமே இல்லை. முதலாளி அவருக்குப் போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம். முகவரியை இணைத்திருக்கிறேன். இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் கண்ணில் குறை இல்லை. அந்த முகவரியில் நான்காவதாக வரும் சின்ன ‘ஏ’யைத் தனியாக எடுத்து யூனிகோடு எண் (கணினிக்காக உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் எண்) பார்த்தேன், 1072 என்று வந்தது. ஆங்கில ‘ஏ’யின் எண் 97. 1072 ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்து, திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், எத்தனை முறை ஒப்பிட்டாலும் பிடிபடாது. இ, ஓ, பி, சி போலவும் சிரிலிக்கில் எழுத்துகள் உண்டு.

கணினிக்கு இது சுலபம். எந்த எழுத்து எந்த வரிவடிவம் (தமிழ், சிரிலிக், ஆங்கிலம் எழுதும் லத்தீன் போன்ற எழுத்து முறை) என்ற பட்டியலை யூனிகோடு அமைப்பே இலவசமாகத் தருகிறது. முகவரியைப் புள்ளியும் அட் குறியும் வரும் இடங்களில் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வரிவடிவம் என்று எண்ணும் சின்ன நிரல் போதும், உங்கள் கம்ப்யூட்டர் பார்ப்பவரிடம் சொன்னால் எழுதித் தருவார் (0 முதல் 9 வரையிலான எண்களும் கோடும் ‘பொது’ வகை, அவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள்). ஒரே துண்டில் லத்தீனும் சிரிலிக்கும் கலந்திருந்தால் திருட்டு மெயில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கலப்பு எல்லாமே தப்பு இல்லை, ஜப்பானியர்கள் வழக்கமாகவே மூன்று வரிவடிவங்களைக் கலந்துதான் எழுதுகிறார்கள், யூனிகோடின் பாதுகாப்பு விதிகளும் அதை அனுமதிக்கின்றன. அந்த விதிகளை வைத்துத்தான் 2014ல் ஜிமெயில் சந்தேகமான எழுத்துக் கலப்பைத் தடுக்கத் தொடங்கியது.

சரி, இதிலும் சிக்காதவை உண்டு. 2017ல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயர் போலவே தெரியும் இணைய முகவரியை முழுக்க சிரிலிக்கிலேயே பதிவு செய்து காட்டினார், கலப்பே இல்லாததால் சில பிரவுசர்கள் ஏமாந்தன. தமிழில் ‘க’வும் பழைய எண் ‘௧’வும் அப்படித்தான், இரண்டுமே தமிழ் வரிவடிவம். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளுக்கு யூனிகோடில் தனிப் பட்டியல் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. பாக்கி இருப்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் மெயிலையோ சாக்குக்காரர் மெயிலையோ யாரோ படிக்கிறார்கள் போலிருக்கிறது. இருவரும் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த மெயிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் பேசுங்கள்.